துர்கா ரயிலைப் பார்த்தாளா?

சினிமாவைப் பற்றிப் பாடம் நடத்தியும் எழுதியும் காலம் தள்ளுகிறவனுக்குக் கல்யாணப் பந்தியில்கூட ஒரு கேள்வி வந்து விழும். "நாவலைக் கெடுக்காம எடுத்த படம்னு ஒண்ணு சொல்லுங்க சார்." 2022இல் 'பொன்னியின் செல்வன்' வந்த சமயம் இந்தக் கேள்விக்குத் திருவிழாக் காலம். ஆளுக்கொரு வந்தியத்தேவனை மனசுக்குள் வளர்த்து வைத்திருந்த ஊர் இது. திரையில் வந்தவன் யார் வீட்டு வந்தியத்தேவன் என்று அடித்துக்கொண்டார்கள்.

எனக்கு அந்தச் சண்டையில் சலிப்புத்தான். எது இருக்கிறது, எது விட்டுப்போச்சு என்று மளிகைச் சீட்டைச் சரிபார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தால் படத்தைப் பார்க்கவே முடியாது. எதை எங்கே நகர்த்தியிருக்கிறார்கள், நகர்த்தியதால் என்ன ஆனது என்று கேட்டால் கொஞ்சமாவது கைக்கு அகப்படும். அதனால் பதிலுக்கு நான் ஒரு கேள்வி கேட்பேன்: "பதேர் பாஞ்சாலியில துர்கா ரயிலைப் பார்த்தாளா, இல்லையா?"

படம் பார்த்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். பார்த்தாளே, அந்த நாணல் காடு, கரும்புகை, தம்பியோடு ஓடுவாளே. நாவலைப் படித்தவர்கள் தலையை ஆட்டுவார்கள். பார்க்கவே இல்லை, பார்க்காமலே செத்துப்போனாள். என் வகுப்பில் இந்த இரண்டு கட்சியையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன்.

முதலில் நாவல். விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதியது. 1928இல் 'பிசித்ரா' பத்திரிகையில் தொடராக வந்து, 1929இல் புத்தகமானது. தமிழில் ஆர். சண்முகசுந்தரம் மொழிபெயர்த்திருக்கிறார். 'நாகம்மாள்' எழுதிய அதே சண்முகசுந்தரம்தான். கொங்குநாட்டுக் கிராமத்தை எழுதிய கை வங்கத்துக் கிராமத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. அதை இங்கே விரித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

நாவலில் அப்புவுக்கும் அக்கா துர்காவுக்கும் ரயில் என்பது கேள்விப்பட்ட ஒன்று, அவ்வளவுதான். காணாமல்போன கன்றுக்குட்டியைத் தேடிப் போகிற சாக்கில் ஒருநாள் ரயில்பாதையைப் பார்த்துவிடலாம் என்று ஓடுகிறார்கள். வழி தப்பி, சதுப்பில் மாட்டி, வீட்டில் என்ன சொல்வது என்ற பயத்தோடு திரும்புகிறார்கள். பிறகொரு நாள் அப்பாவோடு வெளியூர் போகும் வழியில் அப்பு தண்டவாளத்தைப் பார்த்துவிடுகிறான். ரயில் வரும்வரை நிற்கலாம் என்று கெஞ்சுகிறான். அது வர இன்னும் நேரமாகும், காத்திருக்க முடியாது என்று அப்பா கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். அப்புறம் துர்காவுக்குக் காய்ச்சல். படுக்கையில் கிடந்தபடி தம்பியிடம் அவள் கேட்பது ஒன்றே ஒன்று: உடம்பு தேறியதும் ரயிலைக் காட்டுவாயா? உடம்பு தேறவில்லை. குடும்பம் ஊரைக் காலி செய்துகொண்டு காசிக்குக் கிளம்பும்போது அப்பு ரயிலில் ஏறுகிறான். அப்போது அவன் நினைப்பு முழுக்க அக்காதான்.

இந்த ஏக்கத்தைக் கட்டியெழுப்ப நாவலுக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன. ஒரு ஆசை நிறைவேறாமல் போவதை எழுத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். 'ரயிலைப் பார்க்கவில்லை' என்று ஒரு வரி எழுதினால் வாசகன் மனதில் அந்த ரயில் ஓடத் தொடங்கிவிடும். கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. இல்லாத ரயிலைப் படம் பிடிப்பது எப்படி? வெறும் வயலைக் காட்டினால் அது வெறும் வயல்தான்.

நாவலைப் படமாக எடுத்த சத்யஜித் ராய் என்ன செய்தார்? ரயிலைக் கொண்டுவந்தார். அதுவும் நாவல் பிரியர்கள் பல்லைக் கடிக்கும் அளவுக்கு அழகாக.

வகுப்பில் அந்தக் காட்சியை முதல் தடவை சும்மா ஓட்டிக் காட்டுவேன். அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை, துரத்தல், வீட்டைவிட்டு வெகுதூரம் வந்துவிடுகிறார்கள். ஆள் உயர நாணல், தலை முழுக்க வெள்ளைப்பூ. துர்கா கம்பத்தில் காதை வைத்துக் கேட்கிறாள், உள்ளே ஏதோ ரீங்காரம். கரும்பைக் கடிக்கிறாள், தம்பிக்கும் ஒரு துண்டு. அப்புறம் சத்தம், புகை, ஓட்டம். பையன்களும் பெண்களும் கையில் இருந்த போனை அதற்குள் கீழே வைத்திருப்பார்கள். "லேக்கா இருக்கு சார்" என்று முதல் அரைமணி நேரம் முனகியவர்கள்கூட.

இரண்டாம் தடவை ஓட்டும்போது ஒரே ஒரு வேலை கொடுப்பேன். துர்காவை மட்டும் பாருங்கள். அவளைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

அங்கேதான் சங்கதி பிடிபடும். ஓடுகிற ஓட்டத்தில் துர்கா தடுக்கி விழுகிறாள். அப்பு நிற்காமல் ஓடுகிறான். அடுத்த ஷாட்டில் கேமரா தண்டவாளத்தின் அந்தப்பக்கம் போய்விடுகிறது. ரயில் நமக்கும் பையனுக்கும் நடுவில் ஓடுகிறது. சக்கரங்களின் சந்து வழியாக அப்பு விட்டுவிட்டுத் தெரிகிறான். துர்கா எங்கே? அந்தச் சட்டகத்தில் அவள் இல்லை. ரயிலுக்குப் பக்கத்தில் போய் நின்றவன் தம்பி. அவனுக்கு அந்த உலகத்தையே அறிமுகப்படுத்தியவள் பின்னால் எங்கோ புல்லுக்குள் கிடக்கிறாள். பிறகு காய்ச்சலில் படுத்திருக்கும்போது இந்தத் துர்காவும் மறுபடி ரயில் பார்க்கப் போவதைப் பற்றித்தான் தம்பியிடம் பேசுகிறாள்.

ஆக, பார்த்தாள் என்றவர்களுக்கும் பாதி மதிப்பெண்தான், பார்க்கவில்லை என்றவர்களுக்கும் பாதிதான். நாவலில் பல அத்தியாயங்களுக்குப் பரவிக் கிடந்த ஏமாற்றத்தை ராய் ஒரு தடுக்கலுக்குள் வைத்துவிட்டார். கதையை மாற்றியிருக்கிறார், ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போனது எதுவோ அது கிடைக்காமலே இருக்கும்படி பார்த்துக்கொண்டார். இதை வசனத்தில் தேடினால் கிடைக்காது. விழுந்த இடத்திலிருந்து கேமரா எந்தப்பக்கம் போனது என்று பார்த்தால்தான் தெரியும்.

துர்காவைப் பற்றி ஒரு தகவல். விபூதிபூஷண் முதலில் எழுதிய பிரதியில் இப்படி ஒரு அக்காவே கிடையாது என்று சொல்வார்கள். பாகல்பூரில் இருந்தபோது தலைமுடி காற்றில் பறக்க நின்ற ஒரு கிராமத்துப் பெண்ணை வழியில் பார்த்தாராம். அவளைச் சேர்க்காமல் இந்த நாவல் நிற்காது என்று தோன்றித் திரும்ப எழுதினாராம். எழுதியவரே தன் கதையைக் கலைத்து அடுக்கியிருக்கிறார் என்கிறபோது, படம் எடுத்தவர் கை வைத்ததற்கு நாம் ஏன் பஞ்சாயத்துக் கூட்டவேண்டும்?

இந்த ரயில் காட்சியில்தான் படத்தின் படப்பிடிப்பே தொடங்கியது, 1952 அக்டோபரில். ராய் அப்போது ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், விடுமுறை நாளில்தான் படப்பிடிப்பு. கேமராமேன் சுப்ரத மித்ராவுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. அதற்குமுன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. முதல் நாள் பாதிக் காட்சி எடுத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் நாணல் பூ மொத்தத்தையும் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்க அடுத்த வருடம் வரை காத்திருந்தார்கள். இதைச் சொல்லும்போது வகுப்பில் சிரிப்பார்கள். 'கண்டின்யூட்டி'க்காக ஒரு வருடம் காத்திருந்த ஆளை, ரீல்ஸ் எடுப்பதற்குள் வெளிச்சம் போய்விடுகிறதே என்று பதறுகிறவர்களிடம் புரியவைப்பது கஷ்டம். பணமும் இல்லை. இன்ஷூரன்ஸ் பாலிசி போனது, மனைவி பிஜோயாவின் நகை அடகுக்குப் போனது. கடைசியில் மேற்கு வங்க அரசு கைகொடுத்தது. படத்தின் பெயரில் 'பத்', அதாவது பாதை, இருந்ததால் அந்தப் பணம் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டது என்பது பிரசித்தமான கதை. நம் ஊர் அரசாங்கங்களை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ரயிலைவிடப் பெரிய நகர்த்தல் ஒன்று இருக்கிறது. அது பலர் கண்ணில் படுவதே இல்லை. இந்திர் டாக்ருண் என்கிற கிழவி.

அப்புவின் அப்பா ஹரிஹருக்குத் தூரத்து அக்கா முறை. போக்கிடம் இல்லாதவள். நாவலின் முதல் பகுதி முழுக்க இவளுடையது. குலீன பிராமணர்களின் பலதார மண வழக்கத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டு, புருஷன் முகத்தையே அபூர்வமாகப் பார்த்தவள். அந்த வழக்கத்தை பல்லால் சேனர் என்ற அரசர் தலையில் கட்டுவார்கள். நாவலின் முதல் பகுதியின் பெயரும் அதை வைத்துத்தான். ஆனால் அந்தப் பகுதி முடியும்போது கிழவியும் முடிந்துபோகிறாள். அப்பு அப்போது கைக்குழந்தை. அவளோடு அந்த ஊரின் பழைய காலமும் முடிந்தது என்று விபூதிபூஷண் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறார்.

ராய் அவளைச் சாகவிடவில்லை. அப்பு ஓடியாடும் வயசு வரும்வரை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்திருந்தார். ஏன்? சுனிபாலா தேவி என்ற நடிகை கிடைத்துவிட்டார் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எண்பது வயசு, பழைய நாடகக்காரி, பல வருடங்களாக நடிக்காமல் இருந்தவர். பல் போன வாய், கூன் முதுகு, ஆனால் கண்ணில் அப்படி ஒரு குறும்பு. அவரைக் கால் மணி நேரத்தில் அனுப்பிவிட எந்த இயக்குநருக்கு மனசு வரும்?

ஆனால் அசல் காரணம் வேறு என்பது என் எண்ணம். ரயிலைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் இருவரும் திரும்பி வருகிறார்கள். மூங்கில் புதரோரம் கிழவி உட்கார்ந்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று நினைத்துத் துர்கா தொட்டு அசைக்கிறாள். உடம்பு சரிகிறது. செம்பு உருண்டு தண்ணீருக்குள் போகிறது. நாவலில் ரயிலுக்கும் கிழவிக்கும் சம்பந்தமே கிடையாது, நடுவில் பல வருடங்கள் கிடக்கின்றன. ராய் அந்த இரண்டையும் ஒரே மத்தியானத்தில் அடுத்தடுத்து வைத்தார். புதுசாக ஒன்று வந்து இரைந்துகொண்டு போகிறது. திரும்பி வந்தால் பழசு ஒன்று சத்தமில்லாமல் முடிந்திருக்கிறது. ஒரு காலம் முடிந்தது என்று நாவலாசிரியர் எழுதியே சொல்லிவிட்டார். அதே வேலையை இங்கே இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்ததே செய்கிறது. எடிட்டிங் என்றால் ஒட்டுவது என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

புனே திரைப்படக் கல்லூரியில் பேராசிரியர் சதீஷ் பகதூர் இந்தப் படத்தைத்தான் ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பாடம் நடத்தி வந்தார். இந்தியாவில் படம் பார்ப்பதையே ஒரு படிப்பாக்கியதில் அவருக்கும், திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயருக்கும் பெரிய பங்கு உண்டு. படம் எடுப்பவனுக்கு மட்டும் பயிற்சி போதாது, பார்ப்பவனுக்கும் வேண்டும் என்ற எண்ணம் அப்போது புதுசு. தமிழில் அந்த எண்ணம் இன்னும் சரியாகக் கால் ஊன்றவில்லை. நம்முடைய விமர்சனங்களில் முக்கால்வாசி கதைச் சுருக்கம், மிச்சக் கால்வாசி 'இரண்டாம் பாதி இழுவை'. யூடியூபில் அது கொஞ்சம் சத்தமாக நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாலு மகேந்திரா இதற்கு விலக்கு. அவரும் புனேயில் படித்து வந்தவர்தான். சின்னத்திரைக்கு 'கதை நேரம்' எடுத்தபோது தமிழ்ச் சிறுகதைகளை ஒவ்வொன்றாக எடுத்து அரைமணி நேரத்துக்குள் வைத்துப் பார்த்தார். பின்னாளில் சினிமாப் பட்டறை தொடங்கியபோது கேமராவைத் தொடுமுன் கதை படி என்றார். வெற்றிமாறன் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த ஆரம்பத்தில் செய்த வேலையே கதைகளைப் படித்துச் சுருக்கி எழுதிக் கொடுப்பதுதான். சுருக்கி எழுதினால்தான் ஒரு கதையில் எது போனாலும் தாங்கும், எது போனால் சரியும் என்று தெரியும். ராய்க்கும் ஒரு சுருக்கம்தான் வழிகாட்டியது. 1940களில் இந்த நாவலின் சிறுவர் பதிப்பு ஒன்றைச் சிக்னெட் பதிப்பகம் கொண்டுவந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் அவர். படம் எடுக்கும் யோசனையே அப்போது முளைத்ததுதான். பிற்பாடு படத்துக்கு முழுத் திரைக்கதை என்று எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை, சித்திரங்களும் குறிப்புகளும் நிறைந்த ஒரு நோட்டுதான் அவர் கையில் இருந்தது.

சின்னதாக ஒரு மாற்றம். துர்கா திருடியதாகப் பழி சுமந்த பொருளை அவள் போன பிறகு அப்பு கண்டெடுக்கிறான் இல்லையா, நாவலில் அது தங்கக் குங்குமச் சிமிழ். மூங்கில் புதருக்குள் வீசி எறிகிறான். படத்தில் பாசிமணி மாலை, எறிவது குளத்தில். பாசி விலகி மாலையை வாங்கிக்கொண்டு மறுபடி மூடிக்கொள்கிறது. சிமிழ் புதருக்குள் விழுந்தால் விழுந்ததுதான், கேமராவுக்கு அங்கே வேலையில்லை. குளம் என்றால் ரகசியம் மூடிக்கொள்வதை ஒரு நொடி பார்க்கலாம்.

அப்பா திரும்பி வரும் காட்சிக்கு வருகிறேன். மகள் போனது தெரியாமல் ஹரிஹர் வாங்கி வந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். நாவலில் அவர் மனைவி சர்வஜயா வாய்விட்டுக் கதறுகிறாள், துர்கா நம்மை ஏமாற்றிவிட்டுப் போய்விட்டாளே என்று சொல்லி அழுகிறாள். வங்க வாசகர்கள் அந்த இடத்தில் அழாமல் கடந்திருக்க மாட்டார்கள். படத்தில் மகளுக்கு வாங்கிய புடவையை அவள் கையில் கொடுக்கிறார். அவள் அதைக் கடித்துக்கொண்டு உடைகிறாள். வாய் திறந்திருக்கிறது, குரல் இல்லை. அந்த இடத்தில் கேட்பது தார் ஷெனாய் என்ற வாத்தியம், உச்சத்தில் கிறீச்சிடுகிற மாதிரி. இசை ரவிசங்கர். அவருடைய பகுதி பெரும்பாலும் ஒரே இரவில் பதிவானது.

ஒப்பாரிப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அழுகைக்குச் சொல் வேண்டும் நமக்கு. தமிழ்ப் படங்களில் சாவு வீடு என்றால் சொல்லும் உண்டு, சத்தமும் உண்டு, கூடவே வயலினும் உண்டு. அதனால் என் மாணவர்களில் சிலருக்கு இந்தக் காட்சி பிடிப்பதில்லை. "எங்க ஊர்ல இப்படி அழ மாட்டாங்க சார்" என்று ஒரு பெண் சொன்னாள். நியாயமான பேச்சு. ராய் குரலை எடுத்தது உசத்தி, குரல் கொடுத்து அழுவது மட்டம் என்று நான் வகுப்பில் சொல்வதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். அதற்கு முன்னால் சர்வஜயா படம் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தவள். கிழவியைத் திட்டினாள், மகளை மயிரைப் பிடித்து இழுத்தாள், வறுமை அவளுக்குக் கொடுத்த ஒரே ஆயுதம் அந்தக் குரல்தான். அந்தக் குரலைத்தான் இயக்குநர் பிடுங்கிக்கொண்டார்.

அந்தக் காட்சிக்குச் சற்று முன்னால் இன்னொன்று வரும், எனக்கு அது இதைவிடப் பெரிது. துர்கா இல்லாத வீட்டில் ஒரு காலை. அப்பு பல் தேய்க்கிறான், தானே தலை சீவிக்கொள்கிறான். வெளியே கிளம்பியவன் வானத்தை அண்ணாந்து பார்க்கிறான், உள்ளே திரும்பிப்போய்க் குடையை எடுத்துக்கொண்டு வருகிறான். அவ்வளவுதான் காட்சி. மழையில் ஆட்டம் போட்டுக் காய்ச்சல் வாங்கிச் செத்தவளின் தம்பி குடை எடுத்துக்கொண்டு போகிறான். யாரும் எதுவும் சொல்லவில்லை. பையன் ஒரே ராத்திரியில் பெரியவனாகிவிட்டான்.

இவ்வளவு புகழ்ந்தபின் குறையைச் சொல்லாவிட்டால் நான் விமர்சகன் இல்லை. படத்தில் எனக்குத் தீராத குறை அப்புவின் புத்தகங்கள். நாவலின் அப்பு ஒரு வாசகன், ஒரு கனவுக்காரன். மகாபாரதத்தில் கர்ணனுக்காக உருகுகிறவன். அப்பாவின் பழைய புத்தகம் ஒன்றில், கழுகு முட்டைக்குள் பாதரசத்தை அடைத்து வெயிலில் வைத்து வாயில் போட்டுக்கொண்டால் பறக்கலாம் என்று படித்துவிட்டு, மாடு மேய்க்கும் பையனிடம் முட்டைக்குப் பேரம் பேசுகிறான். வாங்கிய முட்டை கடைசியில் அக்காவின் கைதவறி உடைகிறது. வறுமைக்குள் இப்படி ஒரு பறக்கும் ஆசை இருந்ததால்தான் அந்தப் பையன் பின்னால் எழுத்தாளனாகிறான் என்று நாவலில் நம்ப முடிகிறது. படத்தின் அப்பு பார்க்கிறான், பெரிய கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். தெருக்கூத்து மாதிரியான 'ஜாத்ரா' பார்த்துவிட்டு வந்து ஜிகினாத் தாளில் கிரீடம் கட்டிக்கொள்கிறான். ஆனால் அவன் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்பது நமக்குக் கிடைப்பதில்லை. அடுத்த படமான 'அபராஜிதோ'வில் அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அந்தக் கடனைக் கொஞ்சம் அடைத்தார் ராய். முழுசாக இல்லை.

ரயில் இல்லாமையைக் காட்ட வழி கண்டுபிடித்தவருக்கு முட்டையைக் காட்ட வழி கிடைக்கவில்லையா, இல்லை அந்தக் குழந்தைத்தனமான மாயம் அவருக்கு வேண்டாமென்று தோன்றியதா? வேண்டாமென்று தள்ளினார் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்கு அவர் கண்முன் இருந்தது 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படம். அதில் பறப்பவர்கள் யாரும் இல்லை.

இந்தப் பருவத்தில் அதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். கழுகு முட்டை அத்தியாயத்தை வசனமே இல்லாமல் ஐந்து நிமிடக் காட்சியாக எழுதி வரவேண்டும். பெரும்பாலோர் அப்புவைக் கனவில் பறக்கவிட்டார்கள், ட்ரோன் ஷாட், வயலுக்கு மேலே. ஒரு பையன் மட்டும் முட்டையை விட்டுவிட்டு மாடு மேய்க்கிறவனைப் பிடித்துக்கொண்டான். பேரம் முடிந்து அப்பு போனதும் அந்த மேய்ப்பன் கையில் கிடைத்த காசைக் கடித்துப் பார்க்கிறான், பிறகு கழுகுக் கூடு இருக்கிற மரத்தையும் ஒரு தடவை அண்ணாந்து பார்க்கிறான். "அவனுக்கும் ஒரு டவுட் வந்திருக்கும்ல சார்?" நாவலில் இப்படி எதுவும் இல்லையே என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் ஆட்சேபித்தான். மிச்ச நேரம் முழுக்க அவர்கள் இருவரும் சண்டை போட்டார்கள். நான் ஹாஜர் எடுக்கவில்லை.